முப்பத்தொரு அடையாளங்கள்

அந்த அட்டையை மனப்பாடம் செய்யவேண்டும் என்று அவள் கிளம்பிப் போகவில்லை. ஓட்டுநர் உரிமத்துக்கான கண் சான்றிதழ்ப் படிவம் வாங்கத்தான் போனாள். வரிசை நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது. பரிசோதனை அறையின் கதவு திறந்திருந்ததால் வரிசை உள்ளே வரைக்கும் வளைந்து, சுவரில் தொங்கிய எண் அட்டைக்கு ஒரு முழ தூரத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது. அட்டையில் எட்டு வரிகள். மேலே ஒரே ஒரு எண், பூசணிக்காய் அளவுக்கு. கீழே வரவர இளைத்து, கடைசி வரியில் எறும்புச் சாரை போல ஆறு எண்கள்: மூன்று, எட்டு, ஐந்து, இரண்டு, ஆறு, ஒன்பது. கால் மணி நேரம் சும்மா நிற்பானேன் என்று எல்லாவற்றையும் படித்துவைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தாள். ஒன்று தப்பு. மறுநாள் எல்லாம் சரி. மூன்றாம் நாள் கீழிருந்து மேலாகவும் சொல்ல வந்தது.

இது ஏமாற்று வேலை என்று அவளுக்குத் தோன்றவில்லை. சரியாகச் சொன்னால், தோன்றிவிடக் கூடாதே என்று மனதை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். மாலை வகுப்பில் சாலை விதிகள் நூற்றிருபது கேள்விகளையும் பதில்களோடு நெட்டுருப் போட்டவள் அவள். இது நூற்றிருபத்தொன்றாவது, அவ்வளவுதான். அந்த வகுப்பில் எப்போதும் முதல் பெஞ்சில்தான் உட்காருவாள். இரண்டாவது பெஞ்சுக்குப் போனால் கரும்பலகையில் எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்: வாத்தியாரின் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும்.

வண்டி ஓட்டிக் காட்டும் பரீட்சையில் பட்டப்பகலில் தேறிவிட்டாள். கண் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அதற்கும் கெடு வைத்துவிட்டார் மேலாளர். அவளும் அப்பாவும் வேலை செய்த சலவைக்கூடத்தில் சாயங்கால வேன் ஓட்டுகிறவர் மாதக் கடைசியில் வேலையை விடுகிறார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள லைசென்ஸ் வேலையை முடிச்சுடு பைலட்டு,” என்றார் மேலாளர். “இல்லேன்னா வெளியிலேர்ந்து ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது.”

பைலட் என்பது அவளுக்கு எட்டு வயதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். அந்தப் பெயரும் அந்த வேனில் பிறந்ததுதான்.

அப்போது அம்மாவுக்குத் தொலைபேசி நிலையத்தில் மாலை நேர வேலை. பள்ளி விட்டால் வீட்டில் ஆள் இல்லை. அதனால் அப்பா சலவைக்கூடத்து வேனைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி அவளை முன் இருக்கையில் ஏற்றிக்கொள்வார். ஐந்து மணிக்குக் கிளம்பினால் இரண்டு மருத்துவமனைகள், ஒரு மாணவர் விடுதி, ஒரு தங்கும் விடுதி. வெளுத்த விரிப்புகளை இறக்கி, அழுக்கு விரிப்புகளை ஏற்றி, ஏழரைக்குத் திரும்பிவிடலாம். போகும்போது வேனுக்குள் சூடான சோப்பு வாசம். இஸ்திரி போட்ட துணியின் கதகதப்பு முதுகில் வந்து படும். திரும்பும்போது வாசத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. அப்பா ஜன்னலை இறக்கிவிட்டு, “மூக்குக்கு லீவு விடு,” என்பார்.

குளிர் மாதங்களில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். அப்போதுதான் விளையாட்டு. சாலையில் வருவதை யார் முதலில் பார்த்துச் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஒரு புள்ளி. தப்பாகச் சொன்னால் ஒரு புள்ளி போய்விடும். விதிகள் எல்லாம் அப்பா போட்டவை. வெள்ளிக்கிழமை கணக்குப் பார்த்து ஜெயித்தவர், சலவைக்கூட முற்றத்தில் வேனை நிறுத்தியதும் ஒரு தடவை ஹார்ன் அடிக்கலாம். மூன்று குளிர் காலங்களில் அப்பா ஒரு வெள்ளிக்கிழமைகூட ஹார்ன் அடித்ததில்லை.

“வளைவு வருது.”

“அட, எனக்கு முன்னாடியே பார்த்துட்டியே.”

“வேகத்தடை.”

“எங்க? ஆமா. உன்னை ஏமாத்த முடியாது பைலட்டு.”

அப்பா வேண்டுமென்றே தோற்கிறார் என்று அவள் நினைத்தாள். அதில் ஒரு கர்வம்கூட இருந்தது. அவள் செய்த வேலை அப்பாவுக்குத் தெரியாதே என்று கொஞ்சம் குறுகுறுப்பும் இருந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் அந்தச் சாலையை எழுதிவைத்திருந்தாள். மொத்தம் முப்பத்தொரு அடையாளங்கள். பாலம் முடிந்து பன்னிரண்டு எண்ணினால் வேகத்தடை. மருந்துக்கடையின் பச்சை வெளிச்சம் மறைந்து ஏழு எண்ணினால் இடப்பக்க வளைவு. கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று விதியில் இல்லை. மேலும், பார்த்துச் சொல்வதற்கு இருட்டில் என்ன இருக்கிறது? விளக்குகள்தான் இருக்கும். அவையும் ஒவ்வொன்றும் இலவம்பஞ்சு வெடித்தது போல வட்டமாய், முடி முடியாய்ப் பூத்து நிற்கும். எதிரே வண்டி வந்தால் இரண்டு பெரிய பூக்கள் ஆடி ஆடி வந்து, ஒன்றாகக் கலந்து, கடந்து போகும். இரவு என்றால் எல்லோருக்கும் இப்படித்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. அந்தப் பூக்களுக்காகவே குளிர் மாதங்கள் எப்போது வரும் என்று காத்திருப்பாள்.

முப்பத்தொன்றில் ஏழாவது, வெள்ளைக் குதிரை. ஒரு மதில் ஓரத்தில் அசையாமல் நிற்கும். பத்தொன்பதாவது, குடைக்காரர். பேருந்து நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் குடையைப் பிடித்தபடி தினமும் நின்றுகொண்டிருப்பார். அப்பா அவரைப் பார்த்து ஒரு கையைத் தூக்கி வணக்கம் வைப்பார்.

“பாவம், இன்னும் பஸ் கிடைக்கல போலிருக்கு,” என்பார்.

வெளிச்சம் நீளும் மாதங்களில் குதிரையைப் போலவே குடைக்காரரையும் காண முடியாது. அவர் குளிர் காலத்துக்கு மட்டும் வருகிற ஆள் என்று இரண்டு பேரும் முடிவுகட்டியிருந்தார்கள்.

அவளுக்குப் பத்து வயது நடந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை. அவளுக்கு அந்த வாரம் ஒரே ஒரு புள்ளிதான் அதிகம். நடுவில் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் வந்த வினை. இருபத்திரண்டாவது அடையாளம் கடந்து, இருபத்து மூன்றாவதுக்காக எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு, ஒன்பது என்று போகையில், தரையோடு தரையாக ஒரு சிவப்புப் பூ தெரிந்தது. சின்னப் பூ. பட்டியலில் இல்லாத பூ. சைக்கிளின் பின்விளக்கா? யாராவது புகைபிடிக்கிறார்களா? தப்பாகச் சொன்னால் ஒரு புள்ளி போகும். இரண்டு பேரும் சமமாகிவிடுவார்கள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அது சாலை வேலைக்காரர்கள் கொட்டியிருந்த சரளைக் குவியல். சிவப்பு விளக்கு அதன்மேல் வைத்தது. வேன் ஒரு பக்கச் சக்கரங்களால் குவியலில் ஏறி, யோசித்துப் பார்ப்பது போல ஒரு நொடி நின்று, மெல்லச் சாய்ந்து படுத்தது. பின் கதவு திறந்து விரிப்புகள் சாலை முழுக்கச் சரிந்தன. அவள் அழுக்கு மூட்டை ஒன்றின் மேல் போய் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

“பைலட், இருக்கியா?” என்றது அப்பாவின் குரல், இருட்டுக்குள்ளிருந்து.

“இருக்கேன்பா.”

அப்பா அவளைத் தூக்கி நிறுத்தித் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஏதாவது தெரிஞ்சுதா உனக்கு, முன்னாடி?”

“இல்லப்பா.”

சலவைக்கூடத்தில் விசாரித்தபோது அப்பா, “கண்ணசந்துட்டேன்,” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வேலையை விட்டு அனுப்பாமல் மடிப்பு அறைக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியின் சக்கரத்தையும் தொடவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவர் இன்றுவரை ‘வேன் அண்ணன்’தான். புதிதாகச் சேருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். யாராவது ஏதாவது சொல்லிவைப்பார்கள்.

அந்த ‘இல்லப்பா’ பதினான்கு வருஷமாக அவள் தொண்டையில் மீன்முள் போல நின்றது. அப்பாவை வேனிலிருந்து இறக்கியது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே அவரைத் திரும்ப வேனில் ஏற்றவேண்டியதும் அவள்தான். அவள் ஓட்டுவாள், பக்கத்து இருக்கையில் அப்பா உட்காருவார். ஏற்றி இறக்க ஓர் ஆள் வேண்டும்தானே. மேலாளரிடம் அதையும் பேசிவைத்திருந்தாள். அதனால்தான் அந்த ஆறு எண்கள் அவளுக்கு அத்தனை முக்கியம்.

புதன்கிழமை மடிப்பு அறையில் ஆள் குறைவு என்று அவளையும் அனுப்பினார்கள். பெரிய விரிப்பை இரண்டு பேர்தான் மடிக்க முடியும். ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்து, ஒரு உதறு உதறி, விறைப்பாக இழுத்து, நீளவாக்கில் இரண்டாக்கி, மறுபடி இழுத்து, அப்புறம் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து முனைகளைக் கைமாற்ற வேண்டும். அப்பாவும் மகளும் வாய் திறக்காமல் நூறு விரிப்புகள் மடிப்பார்கள். அறையின் மூலையில் இஸ்திரி உருளையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, “உங்க ரெண்டு பேரையும் பார்த்தா பொம்மலாட்டம் மாதிரி இருக்கு,” என்று சொல்வது வழக்கம்.

அன்று அவள் உதடு தானாக அசைந்துகொண்டிருந்தது. உதறு, இழு. “மூணு, எட்டு, அஞ்சு…”

“ரெண்டு, ஆறு, ஒம்பது,” என்றார் அப்பா, தலையைத் தூக்காமல்.

விரிப்பு நடுவில் விறைத்து நின்றது.

“என்ன சொன்னீங்கப்பா?”

“ஒண்ணும் சொல்லலயே.”

“ரெண்டு, ஆறு, ஒம்பதுன்னீங்க.”

“துணியை எண்ணினேன்.”

“துணியை யாராவது ரெண்டு, ஆறு, ஒம்பதுன்னு எண்ணுவாங்களா?”

அப்பா விரிப்பின் ஓரத்தைப் பார்த்தார். “அந்த அட்டையை இன்னுமா மாத்தல அவனுங்க,” என்றார்.

அவளுக்குக் கையிலிருந்து முனை நழுவிவிட்டது. நடந்துபோய் எடுத்தாள். அப்பா தணிந்த குரலில் பேசினார். உருளையின் இரைச்சலில் அவளுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

“நான் அதைப் படிக்கக்கூட இல்ல. எனக்கு முன்னாடி நின்னவர் சத்தமா படிச்சார். காதால கேட்டு அப்படியே ஒப்பிச்சேன். பகல்ல ஒருமாதிரி சமாளிச்சுடுவேன். இருட்டிட்டா எனக்கு ரோடே கிடையாது. முன்னாடி போற வண்டியோட பின்னாடியே போவேன். யாரும் போகலேன்னா…” நிறுத்தினார். “உன்னைப் பக்கத்துல உட்கார வச்சதே அதுக்குத்தான். விளையாட்டுன்னு பேர் வச்சேன். சின்னக் கண்ணு, கூர்மையா இருக்கும்னு நினைச்சேன். இதை உங்கிட்ட சொல்லணும்னு ரொம்ப நாளா…”

“அப்பா, எனக்கும் தெரியாது.”

“என்ன தெரியாது?”

“ரோடு. எனக்கும் ஒண்ணும் தெரியல. நோட்டுல எழுதி வச்சு, எண்ணி எண்ணித்தான் சொன்னேன்.”

அப்பாவின் முகத்தில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புருவம் மெதுவாக மேலே போனது.

“அப்போ அந்த வண்டியை ஓட்டினது யாரு?” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவுக்கும் வந்தது. இரண்டு பேரும் விரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். “துவைச்சதுய்யா அது, மறுபடி அழுக்காக்காதீங்க,” என்று மூலையிலிருந்து அக்கா சத்தம் போட்டாள். சிரிப்பு நின்றபோது அப்பா விரிப்பின் ஒரே முனையைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தார். மூன்று குளிர் காலங்கள், வாரத்தில் ஐந்து நாள். பாதசாரிகள், சைக்கிள்காரர்கள், மருத்துவமனை வாசலில் சாலையைக் கடக்கும் நோயாளிகள். அவரும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“நாளைக்கு அட்டை முன்னாடி என்ன பண்ணப் போறே?” என்றார்.

“தெரியலப்பா.”

சிவப்புப் பூவைப் பற்றி அப்போதும் அவள் சொல்லவில்லை.

அன்று இரவு சாப்பாட்டின்போது இரண்டு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “உப்பு கூடிப்போச்சா? இல்ல, ரெண்டு பேரும் சேர்ந்து எதையாவது உடைச்சுட்டீங்களா?” என்று அம்மா கேட்டாள். மகள் எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள். அவள் அறைக்குப் போய் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தாள். சொன்னால், சொல்லாவிட்டால். ‘சொன்னால்’ பக்கத்தில் ஆறு நஷ்டங்கள் சேர்ந்தன: வேன் போகும், அப்பாவின் இருக்கை போகும், மாலை வகுப்புக்குப் போன எட்டு மாதம் போகும், இப்படி. ‘சொல்லாவிட்டால்’ பக்கத்தில் லாபங்களை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவள், கடைசியில் ‘சரளைக் கல்’ என்று ஒரு வார்த்தை எழுதினாள். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அடுத்த தடவையும் அது சரளையாகவே இருக்கும் என்று யார் சொன்னது?

வியாழக்கிழமை வேலை முடிந்து பரிசோதனை அறைக்குப் போனாள். அப்பாவும் கூடவே வந்தார். “நீங்க எதுக்குப்பா?” என்று கேட்டதற்கு, “சும்மா, அட்டையைப் பார்த்து ரொம்ப நாளாச்சு,” என்றார்.

கண் பரிசோதகர் ஜலதோஷம் பிடித்த குள்ளமான மனிதர். மேசையில் கைக்குட்டைகளை அடுக்கிவைத்திருந்தார். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, “கடைசி வரி,” என்றார்.

தூரத்தில் அட்டை வெள்ளையாகத் தெரிந்தது. கடைசி வரி, வெள்ளையில் ஒரு சாம்பல் கீற்று. ஆறு எண்களும் நாக்கின் நுனியில் வரிசை கட்டி நின்றன. ஒரு மூச்சு விட்டால் போதும், தாமாகவே வெளியே வந்துவிடும். அவள் எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

“சார், இது எனக்கு மனப்பாடம். வேற அட்டை இருந்தா காட்டுங்க.”

அவர் மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார். “மனப்பாடமா?”

“எட்டு வரியும்.”

“இத்தனை வருஷத்துல இதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் நீதாம்மா.”

“ரெண்டாவது ஆள் இங்க இருக்கேன்,” என்றார் சுவரோர பெஞ்சிலிருந்து அப்பா.

பரிசோதகர் அட்டையைக் கழற்றித் திருப்பி மாட்டினார். பின்பக்கத்திலும் எண்கள் இருந்தன, வேறு எண்கள். முப்பது வருஷத்துத் தூசியை ஊதியதில் இன்னும் நான்கு தும்மல் போட்டார். அவளால் நான்காவது வரிவரைதான் படிக்க முடிந்தது. ஐந்தாவதில் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. அவர் அறை விளக்கைக் குறைத்தார். நான்கு வரிகள் இரண்டாகிவிட்டன.

“கிட்டப்பார்வை. வெளிச்சம் குறைஞ்சா கண்ணோட கறுப்பு வட்டம் பெருசா விரியும், அப்போ மங்கல் இன்னும் கூடும். எதிர்ல வர்ற விளக்கெல்லாம் பூ மாதிரி விரியுதா?”

“எல்லாருக்கும் அப்படித்தானே சார்?”

“இல்லம்மா.”

அந்த ஒற்றை ‘இல்லம்மா’வில் அவளுக்கு எங்கோ ஒரு கதவு சாத்தினது போல இருந்தது. அவர் ஒரு கனமான இரும்புச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, சில்லு சில்லாகக் கண்ணாடிகளைப் போட்டு எடுத்து, கடைசியில் ஜன்னலைத் திறந்துவிட்டார். “தெருவைப் பாரு.”

இருட்டத் தொடங்கியிருந்தது. தெருவிளக்குகள் எரிந்தன. பூ ஒன்றுகூட இல்லை. எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சுருங்கிப்போயிருந்தன. அதற்குப் பதிலாக மற்றவை வந்திருந்தன: மின்கம்பி, கம்பியில் சிக்கிய நூல், எதிர்வீட்டு மாடியில் காயும் சட்டையின் பொத்தான்கள், விளக்கில்லாத சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓரமாகப் போகும் ஒரு பெண். அந்தப் பெண்ணையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டத்தைக் கழற்றினாள். பெண் இல்லை. மாட்டினாள். இருந்தாள்.

திரும்பியபோது அறையின் அந்தக் கோடியில் அப்பா தெரிந்தார். நெற்றிக் கோடுகள், காதோரத்து மச்சம், சட்டைக் காலர் நைந்திருந்தது வரை. பெஞ்ச் தூரத்திலிருந்து அப்பாவின் முகத்தை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. மனதில் வைத்திருந்ததைவிட வயதாகியிருந்தார்.

அடுத்து அப்பா உட்கார்ந்தார். அவருக்கு அவளைவிட மோசம். இடது கண்ணில் புரையும் தொடங்கியிருந்தது. “வண்டி ஓட்டினேன்னு சொன்னீங்களே, எப்படி ஓட்டினீங்க?” என்று பரிசோதகர் கேட்டார்.

“ரெண்டு பேராச் சேர்ந்து ஓட்டினோம்,” என்றார் அப்பா.

கண்ணாடி வாங்கி ஒரு மாதம் பழகிய பிறகு மறுபடி வரவேண்டும். மங்கிய வெளிச்சத்திலும் படித்துக் காட்டினால்தான் சான்றிதழ் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை அவள் மேலாளர் முன்னால் போய் நின்றாள். அவர் முழுக்கக் கேட்டார். அப்பாவின் கதையை மட்டும் அவள் சொல்லவில்லை.

“ஒரு மாசம் நான் வண்டியை நிறுத்தி வைக்க முடியாது,” என்றார் அவர். “சாயங்கால வண்டிக்கு ஆள் வந்தாச்சு. பகல் வண்டி ஒண்ணு வாங்கலாம்னு முதலாளி சொல்லிக்கிட்டு இருக்கார். வந்தா பார்ப்போம்.”

திங்கட்கிழமை ஐந்து மணிக்குப் புது ஓட்டுநர் வேனை முற்றத்திலிருந்து வெளியே எடுத்தார். நல்ல மனிதர், எல்லோருக்கும் பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்திருந்தார். அவள் மடிப்பு அறை ஜன்னலில் நின்று, வேன் வளைவு திரும்பும்வரை பார்த்தாள். பிஸ்கட்டைக் கையிலேயே வைத்திருந்து அக்காவிடம் கொடுத்துவிட்டாள். தான் செய்தது சரிதானா என்ற சந்தேகம் அன்று இரவும் வந்தது. அடுத்த வாரமும் வந்தது. கண்ணாடி வந்த பிறகு சாலையைக் கடக்கும்போது மட்டும் வராது.

மாதம் ஒன்று கழித்து, மங்கிய வெளிச்சத்தில் ஏழு வரிகள் படித்துக் காட்டினாள். சான்றிதழ் கிடைத்தது. பகல் வண்டி வர மேலும் ஐந்து மாதம் ஆனது. அதை அவள்தான் ஓட்டினாள். இடைப்பட்ட காலத்தில் அப்பாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். அவருக்கும் ஒரு கண்ணாடி வந்தது. அது மூக்கில் நிற்காமல் வழுக்கும். அவர் ஒரு விரலால் அதை மேலே தள்ளிக்கொண்டே இருப்பார்.

குளிர் மாதங்கள் திரும்பி வந்தன. சாயங்கால ஓட்டுநர் மகளின் பிரசவத்துக்காக இரண்டு நாள் விடுப்புப் போட்டார். “போயிட்டு வந்துடறியா?” என்றார் மேலாளர். “ஏத்தி இறக்க வேன் அண்ணனைக் கூட்டிக்கோ.”

அப்பா ஓட்டிய வேன் இல்லை இது, ஆனால் வாசம் பழையதுதான். முதுகுக்குப் பின்னால் அதே கதகதப்பு. அப்பா பக்கத்து இருக்கையில் ஏறி, எங்கே கை வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இருட்டிவிட்டது. பாலம் வந்தது. அவள் வாய் தானாகப் பன்னிரண்டை எண்ணத் தொடங்கியது. அதற்குள் வேகத்தடை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அதன் மேலே பூசிய வெள்ளைப் பட்டைகளும் தெரிந்தன.

“குதிரை வருதா பாரு,” என்றார் அப்பா.

மதில் வந்தது. அதன் ஓரத்தில் வெள்ளையடித்த தண்ணீர்த் தொட்டி ஒன்று, இரண்டு குழாய்க் கால்களை முன்னால் ஊன்றி நின்றது.

“தொட்டிப்பா.”

“தெரியுது.” கண்ணாடியை மேலே தள்ளினார். “வாலைக் காணோமேன்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்.”

பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால் அவள் வேகத்தைக் குறைத்தாள். குடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். தெருக் குழாய்க் கம்பம். அதன்மேல் வளைந்த தகரக் கூரை. அப்பா கடந்து போகும்வரை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எத்தனை வருஷம் இவருக்கு வணக்கம் வச்சிருப்பேன்,” என்றார். பிறகு, யாரும் பார்க்காதபோது செய்வது போல, ஒரு கையைக் கொஞ்சமாகத் தூக்கி இறக்கினார்.

எதிரே வந்த வண்டிகளின் விளக்குகள் சின்னதாக, கூர்மையாக வந்து போயின. கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை அந்தப் பூக்களைப் பார்க்கவேண்டும் போல அவளுக்கு இருந்தது. கை ஸ்டியரிங்கை விட்டு எழவில்லை.

இருபத்திரண்டாவது அடையாளம் கடந்தது.

“அப்பா, அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சுது.”

“எது?”

“சிவப்பா ஒண்ணு. கீழ. என்னன்னு புரியல. தப்பாச் சொன்னா புள்ளி போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன். நீங்க கேட்டப்பவும் இல்லேன்னு சொல்லிட்டேன்.”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி அந்த இடத்தைத் தேடிப் பார்த்தார். அவர் கோபப்பட்டால்கூடத் தேவலாம் என்று அவளுக்கு இருந்தது.

“அந்த விதியைப் போட்டது யாரு?” என்றார்.

“நீங்க.”

“ம். பத்து வயசுப் பிள்ளைக்குப் போடற விதியா அது.” கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மறுபடி மாட்டினார். “உனக்குத் தெரிஞ்சிருந்தது. சொல்ல பயப்படற மாதிரி நான் வச்சுட்டேன். இத்தனை நாள் இதையா வயித்துல கட்டிக்கிட்டு இருந்தே?”

முன்னால், விளக்கு வெளிச்சம் முடிகிற இடத்தில், சாலை கொஞ்சம் கறுப்பாகத் தடித்திருந்தது. நிழலா, பள்ளமா, ஆளா? கண்ணாடி இருந்தும் தெரியவில்லை. அவள் கால் பிரேக்கை அழுத்தியது.

“என்ன?” என்றார் அப்பா.

“தெரியல. ஏதோ இருக்கு.”

வேன் ஊர்ந்து, நின்றது. பின்னால் வந்த கார்க்காரர் ஹார்ன் அடித்தார். மறுபடியும் அடித்தார். அப்பா ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

“கொஞ்சம் இருப்பா. பைலட் பார்த்துக்கிட்டு இருக்கா.”

காற்று அடித்தது. கறுப்பு மெல்லப் புரண்டது. ஒரு காலி அட்டைப்பெட்டி, பெரியது, நனைந்து போனது. இன்னொரு முறை புரண்டதில் ஓரத்துக்குப் போய்விட்டது. அவள் மூச்சை விட்டு, கியர் போட்டாள்.

“ரெண்டு புள்ளி,” என்றார் அப்பா.

“அட்டைப்பெட்டிக்கா?”

“பெட்டின்னு தெரிஞ்சு சொல்லியிருந்தா ஒண்ணுதான். தெரியாமலே சொன்னே பாரு, அதுக்கு ரெண்டு. இன்னையிலேர்ந்து அதான் விதி.”

வேன் நகர்ந்தது. பழக்க தோஷத்தில் அவள் அடுத்த வளைவுக்கு எண்ணத் தொடங்கினாள். மூன்று, நான்கு என்று போய், ஐந்தில் நிறுத்திவிட்டு, சாலையைப் பார்த்தாள்.